வீட்டுக்குப் பெரியவர் – 9: ஞாயிற்றுக்கிழமை தவறாத வீடு

1723 மே 22, சனிக்கிழமை. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்துக்குள் நண்பகல் வாக்கில் நான்கு வண்டிகள் வந்தன. நான்கிலும் வீட்டுச் சாமான். இரண்டு மணிக்கு அந்தச் சாமான்களுக்குரிய குடும்பம் இரண்டு கோச்சு வண்டிகளில் வந்து இறங்கியது. கோத்தன் அரண்மனையின் இசைத் தலைவர் ஊர் மாறி வருகிறார் என்று ஹாம்பர்க் பத்திரிகை ஒன்று இதைச் செய்தியாகவே போட்டது. அதனால்தான் முந்நூறு ஆண்டு கழித்தும் வண்டிக் கணக்கு நமக்குத் தெரிகிறது.

வந்தவர் யோஹான் செபாஸ்டியன் பாஹ். வயது 38. கூடவே இரண்டாவது மனைவி அன்னா மக்தலேனா, வயது 21. முதல் மனைவியின் பிள்ளைகள் நால்வர்: 14 வயது டோரத்தேயா, 12 வயது ஃப்ரீடமன், 9 வயது இம்மானுவேல், 8 வயது பெர்ன்ஹார்ட். அன்னா மக்தலேனாவின் கையில் தலைச்சன் பெண் குழந்தை. இறந்துபோன முதல் மனைவியின் அக்காளும் அதே குடும்பத்தில் இருந்தார். தங்கை போன பிறகும் அந்த அம்மாள் பிள்ளைகளை விட்டுப் பிரியவில்லை. 1729-ல் கண் மூடும் வரை அந்த வீட்டிலேயே இருந்தார்.

சென்ற வாரம் படித்தவர்களுக்கு முன்கதை தெரியும். ஐஸனாக்கில் பிறந்த எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பத்து வயது நிறையும் முன்பே தாயும் தகப்பனும் போய், அண்ணன் வீட்டில் வளர்ந்த சிறுவன். நல்ல ஆர்கன் வாசிப்பைக் கேட்பதற்காக லூபெக் வரை நானூறு கிலோமீட்டர் நடந்தே போன இளைஞன். வேலையை விட அனுமதி கேட்டு அடம்பிடித்ததற்காக வைமார் பிரபுவின் சிறையில் நான்கு வாரம் இருந்தவர். 1720 கோடையில் எஜமானருடன் வெளியூர் போய்த் திரும்பியபோது, நல்லபடியாக விட்டுப்போன மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் முடிந்துவிட்டதைக் கேட்டு நின்றவர். அந்த மனிதர் இப்போது லைப்ஸிக் வந்திருக்கிறார். இனிச் சாகும் வரை 27 ஆண்டுகள் இங்கேதான்.

மூன்றாவது தேர்வு

லைப்ஸிக் நகரசபை முதலில் கேட்டது பாஹை அல்ல. டெலிமான் என்ற இசையமைப்பாளரைக் கேட்டார்கள், அவர் வரவில்லை. கிரவ்ப்னர் என்ற இன்னொருவரைக் கேட்டார்கள், அவருடைய எஜமானர் விடவில்லை. அதன் பிறகுதான் பாஹுக்கு அழைப்பு வந்தது. பதவியின் பெயர் கேன்டர். அரண்மனை இசைத் தலைவர் என்ற நிலையிலிருந்து பார்த்தால் இது ஒரு படி இறக்கம். அது பாஹுக்கும் தெரிந்தே இருந்தது. பிறகு ஏன் வந்தார்? அவரே ஒரு பழைய நண்பருக்கு எழுதிய கடிதத்தில் காரணத்தைச் சொல்கிறார்: மகன்களைப் படிக்க வைக்க வேண்டும். லைப்ஸிக்கில் நல்ல பல்கலைக்கழகம் இருந்தது. தனக்குக் கிடைக்காத மேற்படிப்பு பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்று கௌரவத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த தகப்பன் அவர்.

வேலைப் பட்டியலைப் பாருங்கள். புனித தோமா, புனித நிக்கோலா ஆகிய இரண்டு பெரிய ஆலயங்களின் இசைக்கு அவர் பொறுப்பு. தோமா பள்ளி விடுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பையன்கள். அவர்களுக்குப் பாட்டும் வாத்தியமும் சொல்லித்தர வேண்டும். லத்தீனும் நடத்த வேண்டும். அதற்கு மட்டும் தன் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்து வேறு ஆளை வைத்துக்கொண்டார். நான்கு வாரத்துக்கு ஒரு முறை விடுதிக் கண்காணிப்பு முறை வரும். அந்த வாரம் பையன்களை விடியலில் எழுப்புவதிலிருந்து ஜெபம், சாப்பாடு, படுக்கை வரை அவர் தலையில். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பையன்களைப் பாடத் தயார் செய்வதும் கேன்டரின் பாடுதான். இவ்வளவுக்கும் மேலே, ஞாயிறுதோறும் ஒரு கன்டாட்டா.

கன்டாட்டா என்பது அந்த ஞாயிற்றுக்குரிய வேதபாடத்தை ஒட்டி, பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து ஆராதனையில் நிகழ்த்தும் இசை. இருபது முதல் முப்பது நிமிடம் வரை நீளும். தபசு காலம் போன்ற சில வாரங்களைக் கழித்து, பண்டிகைகளைச் சேர்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 60 வேண்டும். வேறொருவர் எழுதியதை எடுத்துப் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாஹ் லைப்ஸிக் வந்த முதல் சில வருடங்கள் ஏறத்தாழ வாரம் ஒன்று புதிதாக எழுதினார், அல்லது தன் பழையதைத் திருத்தி எடுத்தார். இன்று நம் கையில் இருப்பவை சுமார் 200. தொலைந்தவையும் ஏராளம்.

சாப்பாட்டு மேசையே பட்டறை

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆராதனை தொடங்கிவிடும். அதற்குள் எல்லாம் தயாராக வேண்டும். வாரத் தொடக்கத்தில் பாஹ் எழுத உட்கார்வார். அவர் குடியிருந்தது தோமா பள்ளிக் கட்டடத்திலேயே. எழுதும் அறைக்கு அடுத்தாற்போல் வகுப்பறை. பையன்களின் கூச்சலுக்கு நடுவே உருவானதுதான் இன்று உலகம் கண் மூடிக் கேட்கிற அந்த இசை.

அச்சடித்த இசைத்தாள் கிடையாது. வெற்றுத்தாளில் முதலில் கோடு போட வேண்டும். அதற்கென்று ஐந்து முனை கொண்ட ஒரு பேனா உண்டு. ஒரே இழுப்பில் ஐந்து கோடு விழும். அவருடைய கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பல பக்கங்களின் அடியில் சில ஸ்வரங்கள் அவசரமாகக் கிறுக்கியிருக்கின்றன. பக்கம் நிறைந்துவிடும், மை காயும் வரை தாளைத் திருப்ப முடியாது. அந்தச் சில நிமிடத்தில் மனதில் ஓடுவது நழுவிவிடக் கூடாதே என்று அடுத்த பக்கத்தில் வரவேண்டியதை அங்கே குறித்து வைத்துக்கொள்வார். மை காயும் நேரத்தைக்கூட வீணாக்காத கை அது.

அவர் எழுதி முடிப்பது முழுப்பிரதி. அதைப் பார்த்து ஒவ்வொரு பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் அவரவர் பகுதியைத் தனித்தாளில் எடுத்தெழுத வேண்டும். அங்கேதான் குடும்பம் வருகிறது. மனைவி எழுதுவார், மகன்கள் எழுதுவார்கள், வீட்டோடு தங்கிப் படிக்கும் சீடர்களும் சொந்தக்காரப் பையன்களும் எழுதுவார்கள். இன்று மிஞ்சியிருக்கும் தாள்களில் ஒரே கன்டாட்டாவுக்குள் நாலைந்து பேர் கையெழுத்து கலந்து கிடக்கிறது. சின்னக் கை ஒன்று தடுமாறிய இடத்தில் பெரியவர் கை திருத்தியிருக்கிறது. சனிக்கிழமை ஒத்திகை. ஞாயிறு அரங்கேற்றம். திங்கள் மறுபடி வெற்றுத்தாள்.

அன்னா மக்தலேனாவின் கையெழுத்து நாளடைவில் கணவரின் கையெழுத்தைப் போலவே ஆகிவிட்டது. எது யாருடையது என்று பிற்கால ஆய்வாளர்கள் வெகுகாலம் குழம்பினார்கள். செல்லோ வாத்தியத்துக்கு பாஹ் எழுதிய ஆறு தொகுப்புகள் இன்று உலகப் புகழ் பெற்றவை. அவர் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. அந்த அம்மாள் படியெடுத்து வைத்ததுதான் நமக்கு முக்கிய ஆதாரம். கோத்தன் அரண்மனையில் சம்பளம் வாங்கிப் பாடிய பாடகி அவர். லைப்ஸிக் ஆலயங்களில் பெண்கள் பாடும் வழக்கம் இல்லை. பாடிய குரல் வீட்டுக்குள் தங்கிவிட்டது. எழுதிய கை மட்டும் கடைசி வரை ஓயவில்லை.

அந்த வீட்டில் ஆள் நடமாட்டம் ஒரு புறாக்கூடு போல ஓயாமல் இருந்தது என்று மகன் இம்மானுவேல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஊர் வழியாகப் போகும் எந்த இசைக்காரரும் பாஹ் வீட்டுப் படியேறாமல் போனதில்லையாம். 1730-ல் எழுதிய கடிதத்தில் பாஹ் பெருமையாக ஒன்றைச் சொல்கிறார்: என் பிள்ளைகள் எல்லோருக்கும் இசை பிறவியிலேயே வந்தது, பாட்டும் வாத்தியமுமாக ஒரு கச்சேரியை என் குடும்பத்தை வைத்தே நடத்திவிடுவேன், மனைவிக்கு நல்ல குரல், மூத்த பெண்ணும் மோசமில்லை.

அதே கடிதத்தில் வரும்படிக் கணக்கும் இருக்கிறது. வருடத்துக்கு சுமார் 700 தாலர் வருகிறது. அதில் ஒரு பகுதி சாவுச் சடங்குகளில் பாடுவதற்குக் கிடைக்கும் கட்டணம். போன வருடம் ஊரில் காற்று நன்றாக இருந்ததால் சாவு குறைந்து, நூறு தாலருக்கு மேல் நஷ்டம் என்று எழுதுகிறார். படிக்கும்போது முகம் சுளிக்கத் தோன்றும். அத்தனை வயிறுகளுக்கு ஒற்றை ஆளாகச் சோறு போட்டவர் எழுதிய வரி அது என்று நினைத்தால் சுளிப்பு போய்விடுகிறது. 1748-ல் ஒன்றுவிட்ட உறவினர் ஒருவர் அன்பாக ஒரு பீப்பாய் ஒயின் அனுப்பினார். வழியில் அடிபட்டு மூன்றில் ஒரு பங்கு ஒழுகிவிட்டது. பாஹ் நன்றி சொல்லிவிட்டு, வண்டிக் கூலி, கொண்டுவந்து கொடுத்தவன் கூலி, வரிகள் என்று வரிசையாகக் கணக்குப் போட்டு, இனிமேல் அனுப்ப வேண்டாம், அன்பளிப்புக்கு இந்த விலை அதிகம் என்று பதில் எழுதினார்.

தலைப்பிலும் முடிவிலும்

நம் வீடுகளில் கடிதமோ கணக்கோ எழுதுமுன் பிள்ளையார் சுழி போடுவது போல, பாஹ் தன் இசைத்தாளின் தலைப்பில் இரண்டு எழுத்துகள் எழுதுவார். ஜே.ஜே. லத்தீனில் 'யேசுவே, துணை செய்' என்பதன் சுருக்கம். முடித்த இடத்தில் எஸ்.டி.ஜி. மகிமை இறைவன் ஒருவனுக்கே என்று பொருள். ஆலயத்துக்கு எழுதியதில் மட்டும் இந்த வழக்கம் நிற்கவில்லை. மூத்த மகன் ஃப்ரீடமனுக்கு ஒன்பது வயதானபோது, 1720 ஜனவரி 22 அன்று, விரல் பழகுவதற்காக ஒரு பாடப் புத்தகம் தொடங்கினார். எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று எண் போட்டு எழுதிய குழந்தைப் பாடம். அதன் தலைப்பிலும் யேசுவின் நாமத்தை எழுதித்தான் ஆரம்பிக்கிறார்.

அவருடைய வேதாகமம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஆபிரகாம் காலோவ் என்ற அறிஞரின் விளக்கவுரையோடு கூடிய மூன்று பெரிய தொகுதிகள். ஒவ்வொன்றிலும் பாஹ் தன் பெயரைச் சுருக்கி 1733 என்று வருடம் போட்டிருக்கிறார். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜெர்மன் குடும்பம் ஒன்றிடம் மிச்சிகன் மாநிலத்தில் இருந்தது 1934-ல் தெரியவந்தது. இப்போது செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள ஒரு லுத்தரன் இறையியல் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது. ஓரங்களில் நிறையக் குறிப்புகளும் அடிக்கோடுகளும். எருசலேம் ஆலயத்தில் பாடகர்களும் எக்காளக்காரர்களும் ஒருமித்துத் துதித்தபோது மேகம் ஆலயத்தை நிரப்பியது என்று நாளாகமம் சொல்லும் இடத்தில், பக்தியோடு இசைக்கும் இடத்தில் கடவுள் தம் கிருபையோடு இருக்கிறார் என்ற கருத்தைத் தன் கைப்பட எழுதியிருக்கிறார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது இன்னொன்று. அந்தத் தொகுதிகளில் அச்சுப்பிழை உள்ள இடங்களை அவர் திருத்தியிருக்கிறார். அச்சுக்கோத்தவர் விட்டுப்போன வார்த்தைகளை ஓரத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறார். பிள்ளைகளின் இசைத்தாளில் தப்பைத் திருத்திய அதே கை, அதே கவனம். வேலைக்கு ஒரு மனம், வேண்டுதலுக்கு ஒரு மனம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. சரியாகச் செய்வதுதான் அவருக்குப் பக்தி. அடுத்த ஞாயிற்றுக்கு வேண்டியதைக் குறையில்லாமல் முடித்து வைப்பதுதான் ஜெபம். பிள்ளைகளுக்கு அவர் ஊட்டியதும் அதைத்தான்.

அந்த உழைப்பின் ஒரு துளி நம் ஊருக்கும் உறவுதான். 1727 பெரிய வெள்ளிக்கிழமை அன்று தோமா ஆலயத்தில் அவருடைய 'புனித மத்தேயுவின் பாடுகள்' அரங்கேறியதாக இன்றைய ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அதில் ஒரே ஞானப்பாட்டு மெட்டு ஐந்து முறை வெவ்வேறு சாயலில் திரும்பி வரும். மெட்டு ஹாஸ்லருடையது, பாட்டு பவுல் கெர்ஹார்ட்டினுடையது. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவர் வழியில் வந்த பப்ரிசியுஸ் ஐயர் போன்றவர்களும் பாஹின் காலத்து ஜெர்மன் லுத்தரன் குருமார். அவர்கள் மூலம் அந்த ஞானப்பாட்டு மரபு தமிழுக்கு வந்தது. இன்றும் பெரிய வெள்ளி ஆராதனையில் நம் சபைகள் அந்த மெட்டில் தமிழில் பாடுகின்றன. பாஹ் பெயரையே கேள்விப்படாத பாட்டிமாருக்கு அந்த மெட்டு மனப்பாடம். இளையராஜா 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் பாஹைத் தன் வீட்டில் சந்தித்ததாக ஒரு பகுதிக்குப் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே, பாஹ் வளர்ந்த அந்தப் பாட்டு மரபு தமிழ் வீடுகளுக்குள் வந்துவிட்டிருந்தது.

எட்டு வருடம், ஏழு பிள்ளைகள்

இரண்டு மனைவியருக்குமாக பாஹுக்குப் பிறந்தவர்கள் 20 பேர். வளர்ந்து ஆளானவர்கள் 10 பேர். இந்த எண்ணிக்கையைச் சொல்லி வியப்பார்கள். நான் உங்களை வேறொரு கணக்கைப் பார்க்கச் சொல்கிறேன். 1726-க்கும் 1733-க்கும் இடையில் லைப்ஸிக் வீட்டிலிருந்து ஏழு குழந்தைகளை அடக்கம் செய்தார்கள். கோத்தனிலிருந்து கைக்குழந்தையாக வந்த அந்தத் தலைச்சன் பெண்தான் முதலில் போனது. சில குழந்தைகள் பிறந்த சில நாளிலேயே போயின. அந்த அன்னா மக்தலேனாவை நினைத்துப் பாருங்கள்: ஒரு தொட்டில் காலியாவதும் அடுத்தது நிறைவதுமாக எட்டு வருடம்.

இதே வருடங்களில்தான் 'மத்தேயுவின் பாடுகள்' எழுதினார். 'பி மைனர் மாஸ்' என்று இன்று போற்றப்படும் பெரும்படைப்பின் முதல் பகுதியை முடித்து டிரெஸ்டன் ஆட்சியாளருக்குச் சமர்ப்பித்ததும் 1733-ல். அந்த ஒரே வருடத்தில் இரண்டு பிள்ளைகளை இழந்தார். வேதாகமத்தில் பெயரெழுதியதும் அந்த வருடமே. துக்கத்தைப் பற்றி அவர் தனியாக எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இத்தனைக்கும் நடுவே வேலையை விடவில்லை என்று சொல்லி அவரைக் கல்நெஞ்சராக்கிவிடக் கூடாது. ஆராதனை நின்றால் அடுத்த பிள்ளைக்குச் சோறு நிற்கும் என்பது ஒன்று. மரணத்தைப் பற்றி அவர் எழுதிய இசையில் பயமோ புலம்பலோ கடைசி வார்த்தையாக இருக்காது, தூங்கப்போகும் நிம்மதி இருக்கும் என்பது இன்னொன்று. அந்த நிம்மதியை அவர் புத்தகத்தில் படித்து எழுதவில்லை.

தகப்பனால் கொடுக்க முடியாதது

பாஹ் சுலபமான மனிதர் அல்ல. மேலதிகாரிகளோடு ஓயாத மோதல். இவர் வேலை செய்வதில்லை, திருத்தவே முடியாது என்று நகரசபைக் கூட்டத்தில் பேசினார்கள். நல்ல இசை வேண்டுமென்றால் இத்தனை பாடகர், இத்தனை வாத்தியக்காரர் வேண்டும் என்று அவர் 1730-ல் விரிவாக எழுதிக் கொடுத்த மனுவால் பெரிய பலன் ஒன்றும் விளையவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் அளவுக்கு மீறிய பாசம். 1733-ல் ஃப்ரீடமனுக்கு டிரெஸ்டனில் ஆர்கன் வேலை கிடைக்க, மகன் பெயரில் விண்ணப்பத்தைத் தானே எழுதிக் கொடுத்தார். மூன்றாவது மகன் பெர்ன்ஹார்டுக்கும் இரண்டு ஊர்களில் சிபாரிசு செய்து வேலை வாங்கிக் கொடுத்தார். அவன் 1738-ல் கடன் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுப் போய்விட்டான். அந்த ஊர்ப் பிரமுகருக்கு பாஹ் எழுதிய கடிதம் ஒரு தகப்பனின் தோல்வி ஒப்புதல். புத்தி சொல்லியும் ஆயிற்று, அன்பு காட்டியும் ஆயிற்று, கடன் அடைத்தும் ஆயிற்று. இனி என் சிலுவையைப் பொறுமையாகச் சுமந்து அவனைக் கடவுளிடம் விட்டுவிடுகிறேன் என்ற பொருளில் எழுதுகிறார். மறுவருடம் யேனா நகரில் சட்டம் படிக்கச் சேர்ந்திருந்த பெர்ன்ஹார்ட் காய்ச்சலில் இறந்தான். வயது 24. வித்தையைக் கற்றுக்கொடுக்க முடிந்தது. ஊன்றி நிற்கும் மனத்தைக் கொடுக்க முடியவில்லை. எத்தனை உழைப்பாளித் தகப்பன்மாருக்கு இந்த வேதனை தெரியும்!

கணக்கு முடிந்தபோது

வாழ்நாளெல்லாம் விளக்கொளியில் எழுதிய கண்கள் மங்கின. 1749 ஜூனில், பாஹ் உயிரோடு இருக்கும்போதே, அவர் இடத்துக்கு அடுத்தவரை நகரசபை பரீட்சித்துப் பார்த்துவிட்டது. 1750 வசந்தத்தில் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலக் கண் வைத்தியர் இருமுறை அறுவை செய்தார். பார்வை போயிற்று, உடலும் ஒடுங்கியது. ஜூலை 28 மாலை பாஹ் இறந்தார். வயது 65. கண் தெரியாத அந்த நாட்களிலும், தேவ சிங்காசனத்தின் முன் நிற்பதைச் சொல்லும் ஒரு ஞானப்பாட்டு இசையைச் சொல்லச்சொல்ல எழுதவைத்துத் திருத்தினார் என்று அவர் காலத்துக்கு அடுத்த தலைமுறை சொல்லிவைத்திருக்கிறது.

அவர் விட்டுப்போன பொருள்களின் பட்டியலில் வாத்தியங்களும், ஐம்பதுக்கும் மேற்பட்ட சமய நூல்களும் இருந்தன. சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி ஒன்பது பிள்ளைகளுக்கு. பத்து வருடம் கழித்து, 1760 பிப்ரவரியில், அன்னா மக்தலேனா நகரத்தின் தர்மப் பணத்தில் வாழ்ந்தவராக இறந்தார். புகழோடு இருந்த மகன்கள் இருந்தும் அது நடந்தது. பெரியவர் ஒருவர் கையால் நடந்த வீடு, அந்தக் கை நின்றதும் சிதறியது. அவர் உழைப்பைப் போற்றுகிற நாம் இதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதையைத்தான் சொன்னவர்களாவோம். அவருடைய இசையில் பெரும்பகுதி இன்று நம் காதில் விழுவது, கூட உட்கார்ந்து படியெடுத்தவர்களின் உழைப்பால். அவர் பெயரை நினைக்கும்போதெல்லாம் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும். எஸ்.டி.ஜி. என்று எழுதி மகிமையைத் தனக்கு எடுத்துக்கொள்ளாத மனிதர், இதை மறுக்க மாட்டார்.

(அடுத்த வாரம்: தகப்பன் பெயரைச் சுமந்த மகன்கள் – பெர்லினில் ஒருவர், லண்டனில் ஒருவர், விற்றுத் தீர்ந்த கையெழுத்துப் பிரதிகள்)